மட்டந்தட்டிய பாடம்

பிள்ளைகளே, உங்களில் ஆறாம் ஆண்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் இந்தக் கதை தொடங்கியவுடனேயே சிரித்துவிடுவீர்கள். சிரியுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அந்தப் புத்தகத்தை அதுவரை கையில் எடுத்ததில்லை.

அன்று பின்னேரம் வயலால் வந்து கிணற்றடியில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் பள்ளிக்கூடத்தால் வந்தாள். சைக்கிளை மாமரத்தில் சாத்திவிட்டு, வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் வாளிக்குள் கையை விட்டாள்.

"அப்பா, இண்டைக்கு ரீச்சர் எங்களை முன்னுக்குக் கூப்பிட்டு மட்டந்தட்டினவா."

மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

"என்னாது?"

"மட்டந்தட்டினவா. நாளைக்கும் இருக்காம்."

சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரம் திறக்கும் சத்தமும், "சோறு இருக்கா அம்மா?" என்று கேட்பதும் எனக்குக் கேட்டன.

எங்கள் வீட்டில் மட்டந்தட்டுவது என்றால் ஒரே கருத்துத்தான். ஒருவரைப் பலர் முன்னால் நிறுத்தி, நீ இவ்வளவுதான் என்று காட்டுவது. என் அப்பாவும் அம்மாவும் தேயிலை மலையில் பிறந்தவர்கள். கலவரத்துக்குப் பயந்து, கைக்குழந்தையாக இருந்த என்னையும் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தார்கள். காடு வெட்டினார்கள், குடிசை போட்டார்கள், பிறகு வயல் செய்தார்கள். எங்கள் குடியிருப்பு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எங்களுக்கு முன்பே யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து குளத்தை நம்பி வந்து குடியேறிய குடும்பங்கள். ஒரே வாய்க்கால் தண்ணீர்தான் இரண்டு பக்கமும் பாய்கிறது. கோயிலும் ஒன்றுதான். நல்லது கெட்டதுக்கு வருவார்கள், நாங்களும் போவோம். ஆனாலும் எங்களைக் குறிக்க அவர்களிடம் ஒரு சொல் இருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். நீங்கள் அதைக் கேட்டிருக்காவிட்டால் கேட்காமலே இருங்கள்.

நான் படித்த காலத்தில் வாத்தியார் யாரும் எங்களை அந்தச் சொல்லால் கூப்பிட்டதில்லை. பின்சுவரோரம் இருந்த கடைசி வாங்கில் இருத்தினார், அவ்வளவுதான். ஏன் கடைசி வாங்கு என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதனால்தான் மகள் சொன்ன ஒரு சொல் எனக்கு அந்தப் பழைய வாங்கு முழுவதையும் கொண்டுவந்து முன்னால் வைத்தது.

மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஏங்க, பேசாம அவகிட்டயே கேளுங்களேன்."

"கேட்டா மறைப்பா."

"எதை மறைப்பா?"

"அதான் தெரியலையே."

மனைவி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தெரியாததை அவ மறைக்கிறான்னு உங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்றாள். ஆனால் சந்தேகம் வந்தவனுக்குப் பதில் தேவைப்படுவதில்லை. அவனுக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருந்தால் போதும்.

நான் கேட்கவில்லை, கவனித்தேன். மகள் சரியாகச் சாப்பிடுகிறாளா என்று பார்த்தேன். நன்றாகச் சாப்பிட்டாள். அதுவே சந்தேகமாக இருந்தது. பாட்டுப் பாடிக்கொண்டு சப்பாத்துத் துடைத்தாள். பள்ளிக்கூடத்தில் அவமானப்பட்ட பிள்ளை இப்படிப் பாடுமா? பாடும், எங்களுக்குத் தெரியக்கூடாது என்றால் பாடும் என்று நானே முடிவுக்கு வந்தேன். என் சின்ன வயதில் நானும் வீட்டில் சொன்னதில்லை.

மறுநாள் அவள் வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

"இண்டைக்கும் என்னைச் சைபராக்கிப் போட்டினம் அப்பா!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து தண்ணீர் கட்டும் சாட்டில் வயலுக்குப் போய்விட்டேன்.

வாய்க்கால் மடையடியில் பக்கத்து வயல்காரர் நின்றார். அந்தப் பக்கத்து மனிதர். என்னைவிட மூத்தவர். தண்ணீர் முறை வரும்போது இருவரும் ஒரே வரம்பில் நிற்போம். அவரது மகனும் என் மகளும் ஒரே வகுப்பு. நேராகக் கேட்டால் நம் சந்தேகம் வெளியே தெரிந்துவிடும் என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"தம்பி எப்புடி அண்ணை, படிக்கிறானா?"

"அவனோ? நேற்று ஏழாய் நிண்டவனை ரீச்சர் எட்டாக்கிப் போட்டாவாம். ஏத்திவிட்டவாவாம் ஐசே. வீட்டில ஒரே கதை."

"ஏத்திவிட்டதா?"

"ஓம். என்னத்தில ஏத்தினதோ ஆர் கண்டது. ஏத்தினா நல்லம்தானே. உம்மட பிள்ளை என்ன மாதிரி?"

"அவ... அவளும் இருக்கா."

சைபர் என்று எப்படிச் சொல்வது? அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன ஐசே, வாய்க்கால் நிறையத் தண்ணி ஓடுது, நீர் முகத்தை வத்தின குளம் மாதிரி வைச்சிருக்கிறீர்?"

நான் சிரித்ததுபோலக் காட்டிக்கொண்டேன். மண்வெட்டியால் ஒரு மண்ணை வெட்டி, தேவையில்லாத இடத்தில் போட்டேன். உள்ளே என் கணக்கு முடிந்துவிட்டது. ஒரே வகுப்பு, ஒரே ரீச்சர். அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு ஏற்றம். இந்தப் பக்கத்துப் பிள்ளைக்குச் சைபர். இதற்கு மேல் என்ன வேண்டும்?

வீட்டுக்கு வந்து மல்லாவியில் இருக்கும் என் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். அவள் வீட்டுக்குக் கிட்டவே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே எங்கள் ஆட்களின் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள்.

"கூட்டிட்டு வாங்கண்ணே. கட்டில் ஒண்ணு சும்மாதான் கெடக்கு. நடந்தே போயிரலாம் ஸ்கூலுக்கு," என்றாள் தங்கச்சி. "ஏன், அங்க என்ன பிரச்சினை?"

"புள்ளையை மட்டந்தட்டுறாங்க."

"யாரு?"

"யாருன்னு உனக்குத் தெரியாதா?"

பின்னால் ஏதோ விழுந்த சத்தம். மகள் நின்றாள். கையிலிருந்த கொம்பாசுப் பெட்டி கீழே கிடந்தது.

"நான் மல்லாவிக்குப் போகமாட்டன்."

"அத்தை வீடுதானே புள்ள."

"அத்தை வீட்டுக்கு லீவில போவன். பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டன். எனக்கு இந்தப் பள்ளிக்கூடம்தான் வேணும்."

"சைபராக்குற பள்ளிக்கூடமா?"

"அது விளையாட்டப்பா!"

"விளையாட்டுன்னுதான் தொடங்குவாங்க."

அவள் என்னை முழித்துப் பார்த்தாள். பிறகு கண் கலங்கி, வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போய் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். அவள் பேசுவது இந்த ஊர்ப் பேச்சு. நானும் மனைவியும் பேசுவது மலைப்பக்கப் பேச்சு. பிறந்ததிலிருந்து இரண்டும் ஒரே வீட்டுக்குள் சண்டையில்லாமல் இருந்தவைதான். அன்று முதன்முறையாக அவள் சொன்னது எனக்கும், நான் சொன்னது அவளுக்கும் விளங்கவில்லை.

விடிந்ததும் பள்ளிக்கூடம் போவது, அந்த ரீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்பது, பள்ளிக்கூடம் மாற்ற விடுகைப் பத்திரத்துக்கு எழுதிக் கொடுப்பது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டு வகுப்புக்கு அரைச்சுவர்தான். வெளியே நின்றால் உள்ளே நடப்பது எல்லாம் தெரியும். அரைச்சுவருக்கு எதிரே தண்ணீர்க் குழாயும் ஒரு வேப்பமரமும் இருக்கின்றன. மோட்டார் சைக்கிளை வாசலிலேயே விட்டுவிட்டு நடந்து போய் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். முன்னறிவித்துப் போனால் நடப்பதை மறைத்துவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

கரும்பலகைக்கு முன்னால் ஐந்து பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெரிய அட்டை. அட்டைக்கு ஒரு இலக்கம். வகுப்பிலிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக 5, 1, 8, 2, 6. ஒன்றை வைத்திருந்தவன் பக்கத்து வயல்காரரின் மகன். கடைசியில், ஆறை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி என் மகள். ரீச்சர் உருத்திரபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் இளம் பிள்ளை. குரல் மட்டும் பெரியது.

"என்ன எண் இது?"

"ஐம்பத்தோராயிரத்து எண்ணூற்று இருபத்தாறு!" என்று வகுப்பே கத்தியது.

"கிட்டிய ஆயிரத்துக்கு மட்டந்தட்டுங்கோ பாப்பம்!"

அந்தச் சொல் கேட்டதும் நான் மரத்தை விட்டு ஒரு அடி முன்னால் வந்துவிட்டேன். யாரோ ஒரு பிள்ளை அழப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் நடந்தது வேறு. பக்கத்து வயல்காரரின் மகன் ஒன்று எழுதிய அட்டையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு எழுதிய இன்னொரு அட்டையைத் தூக்கிப் பிடித்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற மூன்று பேரும் தங்கள் அட்டைகளைத் திருப்பினார்கள். பின்பக்கம் மூன்றிலும் சைபர்.

"ஐம்பத்தீராயிரம்!"

கைதட்டினார்கள். கை யாருக்குத் தட்டினார்கள்? இரண்டைத் தூக்கிப் பிடித்தவனுக்கா? என் மகள் சைபரோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு விளங்கியும் விளங்காமலும் இருந்தது. மட்டந்தட்டியது எண்ணைத்தான், பிள்ளையை இல்லை என்று தெரிந்தது. ஆனால் சைபராக நின்ற மூன்று பேரில் இரண்டு பேர் வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். அதையும் நான் பார்த்துவிட்டேன்.

ரீச்சரும் என்னைப் பார்த்துவிட்டா.

"வாங்கோ ஐயா. ஏன் வேம்புக்குப் பின்னால நிக்கிறியள்?"

"சும்மா ரீச்சர்... தண்ணி குடிக்க."

வகுப்பு சிரித்தது. என் மகள் அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ரீச்சர் பிள்ளைகளிடம் ஏதோ எழுதச் சொல்லிவிட்டு அரைச்சுவரடிக்கு வந்தா.

"நீங்க புள்ளைங்களை மட்டந்தட்டுறீங்கன்னு மக சொன்னா ரீச்சர்."

"ஓம் ஐயா, இந்த ரெண்டு கிழமையும் மட்டந்தட்டல்தான்."

"எங்க புள்ளையையும்?"

"அவதான் முதல் ஓடி வருவா. கெட்டிக்காரி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவா பாதியில் நிறுத்தினா. என் முகத்தைப் பார்த்தா. கையால் வாயைப் பொத்தினா. "ஐயோ ஐயா. நீங்கள் அந்த மட்டந்தட்டுறதை நினைச்சிட்டியளோ?"

உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து காட்டினா. பெரிய எழுத்தில் தலைப்பு இருந்தது. நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். பெரிய எண்களை எல்லா இலக்கமும் சொல்லாமல், கிட்டிய பத்து, நூறு, ஆயிரம் என்று சுருக்கிச் சொல்வதற்குப் பெயராம் அது. வயலில் சேறடித்த பிறகு பலகை இழுத்து மேடு பள்ளத்தைச் சரியாக்குகிறோமே, அந்த மட்டந்தான் என்று ரீச்சர் சொன்னா.

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் சிரித்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். நான் திரும்பவில்லை.

"சரி ரீச்சர். அப்ப ஏன் என் மக எப்பவும் கடைசியில நிக்கிறா? எப்பவும் சைபர்?"

"உயரத்துக்கு ஐயா. நெட்டையான பிள்ளையள் அந்தப் பக்கம், கட்டையான பிள்ளையள் இந்தப் பக்கம். அட்டை மறைக்காமல் தெரியவேணும் எண்டு."

"கட்டையான புள்ளைங்க யார் யாருன்னு பாருங்க ரீச்சர்."

ரீச்சர் திரும்பி வகுப்பைப் பார்த்தா. யார் எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று அவாவுக்கும் தெரியும்தானே. இந்தப் பக்கம் திரும்பியபோது அந்தப் பெரிய குரல் சின்னதாகிவிட்டது.

"நான் அதை யோசிக்கேல்ல ஐயா."

யோசிக்கவில்லை என்றதை நான் நம்பினேன். என்னைக் கடைசி வாங்கில் இருத்திய வாத்தியாரும் யோசித்திருக்கமாட்டார். அதுதான் எனக்குப் பயம்.

"நாளையிலயிருந்து மாத்தி மாத்தி நிக்க விடுறன்," என்றா ரீச்சர். நான் தலையாட்டினேன். விடுகைப் பத்திரத்துக்கு எழுதிக் கொடுக்கவில்லை. கொடுக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாளைக்கு மாற்றுகிறாவா என்று பார்ப்போம் என்று வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் மகள் சைக்கிளைச் சாத்தவில்லை. போட்டாள்.

"எல்லாரும் கேக்கினம், உன்ர அப்பா ஏன் மரத்துக்குப் பின்னால ஒளிச்சவர் எண்டு!"

"தண்ணி குடிக்க..."

"அப்பா!" என்று கத்தினாள். "ஏன் என்ர இடத்தைப் பறிச்சனீங்கள்?"

"எந்த இடத்தை?"

"கடைசி இடத்தை! ரீச்சர் நாளைக்கு என்னை முன்னுக்கு விடப்போறாவாம். உயரத்துக்கு நிண்டா நான் கடைசிக்கு முதல் ஆள். நான்தான் கடைசியில நிக்கவேண்டிய மற்றவளோட கதைச்சு மாறி நிண்டனான்."

இதையும் நான் நம்பவில்லை. தானாக ஓடிப்போய்ச் சைபர் அட்டையை வாங்குகிற பிள்ளை உலகத்தில் உண்டா? ரீச்சரைக் காப்பாற்றத்தான் இப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அதையே வாய்விட்டும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"மீட்டரில என்ன எண் நிக்குது?"

63,448. அறுபத்து மூவாயிரத்து நானூற்று நாற்பத்தெட்டு.

"இந்த மீட்டரை நம்பக்கூடாது," என்று சொன்னேன். அது இரண்டாம் கையாக வாங்கிய மோட்டார் சைக்கிள். விற்றவன் மீட்டரைப் பின்னால் திருப்பிவிட்டுத்தான் விற்றான் என்று எனக்கு இன்றைக்கும் ஒரு எண்ணம்.

"உண்மையோ பொய்யோ, மட்டந்தட்டலாம் அப்பா."

"அப்பப் பொய்யையும் மட்டந்தட்டலாமா?"

"தட்டலாம். கதையை மாத்தாதேங்கோ. கிட்டிய பத்துக்கு. கடைசியில நிக்கிறவர் ஆர்?"

"எட்டு."

"அவரைத்தான் கேக்கவேணும். அவர் சைபர், ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு எண்டா, பக்கத்தில நிக்கிறவர் அசையக்கூடாது. அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது எண்டா பக்கத்தில நிக்கிறவருக்கு ஒண்டைக் கூட்டவேணும். இவர் எட்டு. அப்ப பக்கத்து நாலு என்னவாகும்?"

"அஞ்சு."

"எட்டு?"

"...சைபர்."

"அறுபத்து மூவாயிரத்து நானூற்று ஐம்பது. நாலை ஆர் ஏத்தினது?"

நான் மீட்டருக்குக் கிட்டக் குனிந்து பார்த்தேன்.

"எட்டுத்தானே அப்பா! பத்துக்கு மட்டந்தட்டேக்க கடைசியில நிக்கிறவர்தான் முடிவெடுக்கிறது. நான் ஆறெண்டா நீ ஏறு, நான் நாலெண்டா நீ நில். முன்னுக்கு நிக்கிற நெட்டையன்மார் எல்லாம் என்ர அட்டையைத்தான் எட்டி எட்டிப் பாப்பினம். சொல்லிப்போட்டு நான் என்ர அட்டையைத் திருப்புவன். வேலை முடிஞ்சுது."

அவள் சொன்னது சரி என்று பட்டது. ஆனாலும் விடவில்லை. பத்துக்குச் சரி, ஆயிரத்துக்கு எப்படி என்று பார்ப்போம் என்று நானே கணக்கில் இறங்கினேன். கடைசி எட்டைக் கேட்டேன், 63,450 வந்தது. பிறகு ஐந்தைக் கேட்டேன், அதற்குப் பக்கத்து நாலு ஐந்தானது, 63,500. பிறகு அந்த ஐந்தைக் கேட்டேன், மூன்று நாலானது.

"அறுபத்து நாலாயிரம்!" என்றேன் பெருமையாக.

"பிழை."

"எப்புடிப் பிழை? ஒருத்தரையும் விடாமக் கேட்டுத்தானே வந்தேன்."

"அப்பிடிக் கேக்கக்கூடாது. ஆயிரத்துக்கு எண்டா நூறில நிக்கிறவரை மட்டும்தான் கேக்கவேணும். அவர் நாலு. ஏத்தமாட்டார். அறுபத்து மூவாயிரம்."

"மத்த ரெண்டு பேரையும் கேக்க வேணாமா?"

"வேண்டாம்."

"நான் என்னா சொன்னேன்!" என்றேன். "அதைத்தான் நான் சொல்றேன்!"

பிள்ளைகளே, நான் அந்த இடத்தில் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். இந்த மண்ணைப் பற்றி, கடைசியில் சைபர் சைபராக முடியும் எண்கள் எத்தனையோ சொல்லப்பட்டதைக் கேட்டு வளர்ந்தவன் நான். சண்டைக் காலத்தில், இத்தனை ஆயிரம் பேர் இடம்பெயர்ந்து வந்தார்கள், இத்தனை ஆயிரம் பேர் இருந்தார்கள் என்று ரேடியோ சொல்லும். அந்தக் கடைசி இடத்தில் நின்றவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

மகள் பயப்படவில்லை. என் சத்தம் அடங்கும்வரை மீட்டர்க் கண்ணாடியில் இருந்த தூசியை விரலால் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நீங்கள் வீட்டிலயிருந்து தர்மபுரம் சந்தைக்குப் போறியள் எண்டு வையுங்கோ. பாதி வழி வரேல்ல. அதுக்குள்ள சைக்கிள் காத்துப் போட்டுது. வீடு கிட்டவோ, சந்தை கிட்டவோ?"

"பாதி வரலைன்னா வீடு கிட்ட."

"நானூற்று நாற்பத்தெட்டு பாதியோ?"

ஆயிரத்தில் பாதி ஐந்நூறு. நானூற்று நாற்பத்தெட்டு பாதிக்கு வரவில்லை.

"வரல."

"அப்ப அறுபத்து மூவாயிரம்தானே கிட்ட. நீங்கள் ஒவ்வொருத்தராத் தள்ளித் தள்ளி, பாதி வழியும் வராதவரைக் கொண்டுபோய்ச் சந்தையில விட்டிட்டியள். ஒருத்தரையும் விடாமக் கேட்டுத்தான், ஆனா வந்தது பொய்."

நான் மோட்டார் சைக்கிளின் இருக்கையில் சாய்ந்துகொண்டேன். யாரையும் விடக்கூடாது என்று நினைத்துச் செய்த கணக்கு, நடக்காத தூரத்தை நடந்ததாகச் சொல்லியிருந்தது. அது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இன்னொன்றும் அப்போதுதான் தெளிந்தது. சைபரில் முடியும் எண் ஒன்றைக் கேட்டால், அதை எந்த இடத்துக்கு மட்டந்தட்டினார்கள் என்று கேட்கவேண்டும். பத்துக்கா, ஆயிரத்துக்கா, இலட்சத்துக்கா? அது தெரிந்தால்தான் எத்தனை அட்டைகளைத் திருப்பியிருக்கிறார்கள் என்று தெரியும். இதை ரீச்சர் சொல்லிக் கொடுத்தாவா என்று மகளிடம் கேட்டேன். "ஓம், கேள்வியில அதுதானே முதல் இருக்கும்," என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

ரீச்சர் சொன்னபடியே செய்தா. மறுநாள் மாற்றி நிற்க விட்டா. மகள் முன்னுக்கு, முதல் ஆளாக, பத்தாயிரத்தில் நின்றாள். வீட்டுக்கு வந்து புத்தகப் பையைக் கதிரையில் எறிந்தாள்.

"அங்க ஒரு வேலையும் இல்லை. சும்மா அட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது. பின்னால ஆரும் ஏத்தினாத்தான் அசையலாம். எல்லாம் உங்களாலதான்."

அதற்குப் பின்னால் ஒரு நாள் மடையடியில் பக்கத்து வயல்காரர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிய கட்டே சரியில்லை.

"ஐசே, என்ன நடக்குது உந்தப் பள்ளிக்கூடத்தில? என்ர பெடியனை இண்டைக்குச் சைபராக்கிப் போட்டாவாம்! போன கிழமை ஏத்தினவா, இந்தக் கிழமை இறக்கிறா. உமக்கு ஏதும் தெரியுமோ? நான் ஒருக்காப் போய்க் கேக்கப்போறன்."

அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். போன கிழமை அது என் கழுத்தில் இருந்தது.

"இருங்கண்ணை," என்று சொல்லி, வரம்பில் குந்தி, ஈர மண்ணில் ஐந்து இலக்கங்களை விரலால் கீறினேன். கடைசி இலக்கத்தைக் காட்டி, "இவருதான் இப்ப உங்க மகன். இவரைக் கேட்டுத்தான் பக்கத்துல நிக்கிறவரு ஏறணும்," என்றேன். அவரும் குந்தினார். பத்துக்கு விளங்கியது. ஆயிரத்துக்கு வந்ததும் நான் விட்ட அதே பிழையை அவரும் விட்டார், கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்தார். நான் தர்மபுரம் சந்தைக் கதையைச் சொன்னேன்.

"அட, அப்ப ரீச்சர் பிழையில்லை எண்டுறீர்."

"அப்புடியும் நான் சொல்லலை. பாத்துக்கிட்டு இருங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீர் சரியான ஆள் ஐசே," என்றார். அது பாராட்டா, மட்டந்தட்டலா என்று எனக்கு இன்னும் தெரியாது.

தங்கச்சிக்குப் பதில் சொல்ல மறந்தே போயிருந்தது. அவளே போன் எடுத்தாள். மகள் வரமாட்டாள், இங்கேயே படிக்கட்டும் என்று சொன்னேன்.

"கட்டிலை வெளிய எடுத்துத் தட்டி வெயில்ல போட்டு, மெத்தை உறைகூட மாத்திட்டேன். சரி, புள்ளைக்கு நல்லதுன்னா சரி. அப்ப அந்த டீச்சரை நம்பிட்டீங்களாண்ணே?"

"நம்பலை. வாரத்துக்கு ஒருக்காத் தண்ணி குடிக்கப் போறேன்."

மகள் மேசையில் வீட்டுவேலை எழுதிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, போனுக்குக் கேட்கும்படி உரத்துச் சொன்னாள்:

"அத்தை, அப்பா ஆரையும் கிட்டிய பத்துக்கு நம்பமாட்டார். கிட்டிய ஒண்டுக்குத்தான்."

போனுக்குள் தங்கச்சி சிரித்தாள். அது என்ன நகைச்சுவை என்று அவளுக்கு விளங்கியிருக்காது. எனக்கு விளங்கியது. எழுந்து போய் மகள் எழுதியிருந்த விடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. இன்னொரு முறையும் பார்த்தேன்.